வேலூர்க்காரன் படித்த இருட்டு நாவல்கள்

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "நீங்கள் சமீபத்தில் படித்த இருண்ட நாவல்கள், வருங்காலத்தைக் கற்பனை செய்கிற நாவல்கள் எவை? படிக்கும்போது உங்களுக்கு எப்படி இருந்தது? இதையே தொடர்ந்து படித்தால் மனசு கெட்டுப் போகாதா? 'காசு கொடுத்து ஏண்டா இந்தக் கருமாந்திரத்தை வாங்குற' என்று அம்மா திட்டுகிறார்."

அம்மா கேட்டது நியாயம்தான் தம்பி. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் ரசனையில் தொழில் கலந்திருக்கிறது. ராணிப்பேட்டைப் பக்கம் டேனரிகளில், அதாவது தோல் பதனிடுகிற ஆலைகளில், செலக்‌ஷன் பார்த்தே தலை நரைத்தவன் நான். தோலை மேஜையில் விரித்து, இது முதல் தரம், இது மூன்றாம் தரம், இது கழிவு என்று பிரிக்கிற வேலை. படிப்பதெல்லாம் அதற்கு அப்புறம் கிடைத்த நேரத்தில்தான். அதனால் உலகம் அழிகிறது, வானம் கறுக்கிறது என்றால் எனக்கு அவ்வளவாக உறைப்பதில்லை. அழிகிற உலகத்திலும் ஒருத்தன் காலையில் எழுந்து ஷிஃப்டுக்குப் போகிறான், கணக்கு எழுதுகிறான், சம்பளம் வாங்குகிறான் என்று வந்தால்தான் புத்தகம் கையைப் பிடிக்கும்.

அப்படிப் பிடித்ததில் முதலாவது அகஸ்டினா பஸ்டெரிக்காவின் 'டெண்டர் இஸ் தி ஃப்ளெஷ்'. அர்ஜென்டினாக்காரர். ஸ்பானிஷில் 2017-இல் வந்தது, ஆங்கிலத்தில் 2020-இல். ஏதோ வைரஸ் வந்து மிருகங்களின் இறைச்சி விஷமாகிவிட்டது என்று அரசாங்கம் அறிவிக்கிறது. மிருகங்களைக் கொன்று ஒழிக்கிறார்கள். கொஞ்ச நாளில் மனிதர்களையே பண்ணையில் வளர்த்து, அறுத்து, விற்பது சட்டப்படி தொழிலாகிவிடுகிறது. கத்தக் கூடாது என்று குரல்வளை நரம்பை எடுத்துவிடுகிறார்கள். நாயகன் மார்கோஸ் அந்த இறைச்சி ஆலையில் பெரிய பொறுப்பில் இருப்பவன்.

கதைச் சுருக்கம் கேட்டாலே குமட்டுகிறது இல்லையா? எனக்கு அங்கே குமட்டவில்லை. ஆரம்பத்திலேயே மார்கோஸ் ஒரு டேனரிக்குப் போகிறான். உராமி என்று ஒரு ஜப்பானிய முதலாளி. தோலின் தரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார். பேசும்போதே மார்கோஸின் உடம்பில் எத்தனை சதுர அடி தேறும் என்று கணக்குப் போடுவதுபோல அவனைப் பார்க்கிறார். அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போனேன்.

ஏன் என்றால், அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஒரு வெட் ப்ளூ ஆட்டுத்தோலை, அதாவது குரோமியத்தில் பதனிட்டு ஈரம் காயாமல் நீலமாக இருக்கிற தோலை, விரித்துப் போட்டால் அந்த ஆட்டின் மொத்த வாழ்க்கையும் அதில் எழுதியிருக்கும். முதுகில் நீளமாகக் கோடு இருந்தால் வேலிக்காத்தான் முள்ளில் புகுந்து மேய்ந்தது. அடிவயிற்றில் புள்ளி புள்ளியாக இருந்தால் உண்ணி. வட்ட வட்டத் தழும்பு என்றால் அம்மை வந்து பிழைத்தது. ஓரத்தில் கத்தி இறங்கியிருந்தால் உரித்தவன் அவசரத்தில் இருந்திருக்கிறான். இத்தனையும் நான் ஒரு நொடியில் பார்ப்பேன். பார்த்து, அம்மைத் தழும்பு இருந்தால் மூன்றாம் தரத்தில் தூக்கிப் போடுவேன். ஆட்டைப் பற்றி ஒரு நினைப்பும் வராது. வந்தால் வேலை ஓடாது. பஸ்டெரிக்கா எந்த டேனரியில் போய் நின்றாரோ தெரியாது, அந்தக் கண்ணைப் பிடித்துவிட்டார்.

அதே நாவலில் வேலைக்கு வந்த இரண்டு இளைஞர்களுக்கு மார்கோஸ் ஆலையைச் சுற்றிக் காட்டுகிற பகுதி ஒன்று இருக்கிறது. புது ஆளுக்குச் சுற்றிக் காட்டுகிற எந்த சூப்பர்வைசரும் பேசுகிற தொனி. இங்கே நிற்காதே, அங்கே வழுக்கும், இது இப்படித்தான் நடக்கும். சத்தம் போட்டு அழுகிற ஒரு வரி கிடையாது. கடைசிப் பக்கத்தைப் பற்றி மட்டும் எனக்கு வருத்தம். அதிர்ச்சி கொடுத்தே தீர வேண்டும் என்று எழுதிய மாதிரி இருக்கிறது. என்ன என்று சொல்ல மாட்டேன், படித்துப் பாருங்கள்.

நம் பக்கத்தில் இதைப் படிக்கிறவர்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் வரும். 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து வந்த பையன்கள். இதை ஒரு நாவலில் எழுதினால் ரொம்ப மிகைப்படுத்திவிட்டார் என்று விமர்சனம் வரும்.

அடுத்து கஸுவோ இஷிகுரோவின் 'நெவர் லெட் மீ கோ'. 2005-இல் வந்தது, நான் தாமதமாகத்தான் எடுத்தேன். 2017-இல் அவருக்கு நோபல் கிடைத்தது. இங்கிலாந்தில் ஹெய்ல்ஷாம் என்ற ஒரு உறைவிடப் பள்ளி. அங்கே வளர்கிற பிள்ளைகள் எல்லாம் குளோன்கள், வேறு மனிதர்களின் நகலாக உருவாக்கப்பட்டவர்கள். வளர்ந்ததும் ஒவ்வொரு உறுப்பாகக் கொடுத்துவிட்டுச் சாக வேண்டும். கதை சொல்கிற கேத்தி, உறுப்பு கொடுத்தவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருக்கிறாள். சிநேகிதி ரூத், அப்புறம் டாமி. இவ்வளவுதான் ஆட்கள்.

இந்த நாவலைப் படித்த எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. வேலி இல்லை, காவல் இல்லை, கேத்தியிடம் கார் இருக்கிறது, ஏன் ஓடிப்போகவில்லை? விமர்சகர்கள் இதற்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். வேலூர்க்காரனுக்கு இந்தக் கேள்வியே வராது என்று நினைக்கிறேன். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு எதிரே காந்தி ரோட்டில் ஒரு சாயங்காலம் நடந்து பாருங்கள். கடைப் பலகைகளில் வங்காள எழுத்து. கொல்கத்தாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்தவர்கள் லாட்ஜ் வராந்தாவில் அடுப்பு வைத்து மீன் குழம்பு கொதிக்க விட்டுக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு ஃபைல். மாதக்கணக்கில் தங்கியிருப்பார்கள். ரத்தம் எடுக்க எங்கே போக வேண்டும், எந்தக் கவுன்டரில் எத்தனை மணிக்கு நின்றால் சீக்கிரம் முடியும், எல்லாம் அத்துப்படி. புதிதாக வந்தவருக்குப் பழையவர் சொல்லிக் கொடுப்பார். நாளைக்கு நம்பர் வரும் என்றால் நாளைக்கு வரை இருப்பார்கள். உடம்பு விஷயம் என்று வந்துவிட்டால் மனுஷன் வரிசையில்தான் நிற்கிறான், ஓடுவதில்லை.

நாவலில் ஒரு வதந்தி உலவுகிறது. இரண்டு பேர் உண்மையாகவே காதலிக்கிறார்கள் என்று நிரூபித்தால் சில வருஷம் தள்ளிப்போடுவார்களாம். யாருக்குக் கிடைத்தது என்று யாருக்கும் தெரியாது. எப்போதோ யாரோ ஒரு ஜோடிக்குக் கிடைத்ததாம். அந்த லாட்ஜ் வராந்தாக்களிலும் இதேதான். இன்னார் ஊர்க்காரர் ஒருவருக்கு ஆபரேஷனே இல்லாமல் சரியாகிவிட்டதாம், ஒரு டாக்டர் இருக்கிறாராம், அவரைப் பார்த்துவிட்டால் போதுமாம். கேத்தியும் டாமியும் அந்த வதந்தியை நம்பி ஒரு வீட்டுக் கதவைத் தட்டப் போகிற அத்தியாயம் இருக்கிறதே, நான் சமீபத்தில் படித்ததிலேயே கனமானது அதுதான். அங்கே ரத்தம் இல்லை, சத்தம் இல்லை.

இந்தியாவில் சிறுநீரக மாற்று அறுவை முதன்முதலில் வெற்றிகரமாக நடந்தது இதே வேலூர் சி.எம்.சி.யில்தான், 1971-இல். அதற்கப்புறம் கிட்னி வியாபாரம் நாட்டில் எங்கெங்கோ பரவி, 1994-இல் அதற்கென்று தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. உயிர் கொடுக்கிற வேலையும் உயிரை விலை பேசுகிற வேலையும் ஒரே மேஜையில் நடக்க முடியும் என்பதை இஷிகுரோ லண்டனில் உட்கார்ந்து கற்பனை செய்தார். நாம் செய்தித்தாளில் படித்தோம்.

கோர்மாக் மெக்கார்த்தியின் 'தி ரோட்' எல்லோரும் கொண்டாடுகிற புத்தகம். 2007-இல் புலிட்சர் வாங்கியது. சாம்பலாகிப்போன அமெரிக்காவில் அப்பாவும் மகனும் தள்ளுவண்டியோடு நடக்கிறார்கள். நடை அபாரம். ஆனால் எனக்கு ஒட்டவில்லை. அதில் யாருக்கும் வேலை இல்லை, ஊர் இல்லை, கடன் இல்லை. எல்லாமே போய்விட்ட பிறகு பயப்பட என்ன இருக்கிறது? சரமாகோவின் 'பிளைண்ட்னஸ்' அதைவிட எனக்கு மேல். ஊரே குருடாகிறது, ஆனால் சாப்பாட்டுப் பொட்டலத்தை யார் பிரிப்பது என்று சண்டை வருகிறது பாருங்கள், அங்கே மனுஷன் தெரிகிறான்.

கிம் ஸ்டான்லி ராபின்சனின் 'தி மினிஸ்ட்ரி ஃபார் தி ஃப்யூச்சர்' 2020-இல் வந்தது. இதை நான் எடுத்தது கத்திரி வெயிலில். நம் ஊரை வெயிலூர் என்று சும்மாவா சொல்கிறார்கள்? முதல் அத்தியாயம் உத்தரப் பிரதேசத்தில் ஒரு சின்ன ஊர். அனல் காற்று. கரன்ட் போகிறது. உதவி நிறுவனத்து ஆள் ஃபிராங்க் ஒரு கிளினிக்கில் ஏ.சி. போட்டு நாலு பேருக்கு இடம் கொடுக்கிறான். துப்பாக்கியோடு வந்த சிலர் ஜெனரேட்டரையும் ஏ.சி.யையும் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். சனம் ஏரிக்குள் இறங்குகிறது. ஏரித் தண்ணீரும் உடம்புச் சூட்டைவிடக் கொதிக்கிறது. விடியும்போது ஃபிராங்க் மட்டும்தான் மிச்சம். அந்த அனலில் மொத்தம் 2 கோடிப் பேர் சாவதாக நாவல் சொல்கிறது.

இதில் விஞ்ஞானம் சரியாக இருக்கிறது, அதனால்தான் பயம். நம் ஊரில் மே மாதம் 42, 43 டிகிரி பார்த்துவிட்டோம், இதென்ன என்று தோன்றும். நம்முடையது வறண்ட வெயில். வியர்வை உடனே காய்கிறது, காயும்போது உடம்புச் சூட்டையும் கொண்டுபோகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் அதே கணக்குதான். காற்றில் ஈரம் ஏறிவிட்டால் வியர்வை காயாது. ஈரத் துணி சுற்றிய வெப்பமானி 35 டிகிரி காட்டினால், நல்ல ஆரோக்கியமான ஆள்கூட நிழலில் ஃபேன் அடியில் உட்கார்ந்தபடியே சில மணி நேரத்தில் போய்விடலாம். இந்த அத்தியாயத்தைப் படித்த இரவு மொட்டை மாடியில் படுத்திருந்தேன். சுற்றிலும் மொட்டைப் பாறை மலைகள், பகலில் குடித்த வெயிலை ராத்திரி முழுக்கத் துப்பிக்கொண்டிருந்தன. எங்கள் தெருவில் கரன்ட் போனால் மூன்றாவது நிமிஷம் எல்லா வீட்டுக் கதவும் திறக்கும், எல்லோரும் வாசலுக்கு வருவார்கள். வாசலும் உதவாத ஒரு ராத்திரியைத்தான் ராபின்சன் எழுதியிருக்கிறார்.

மற்றபடி அந்த நாவல் பெரும்பாலும் சூரிச்சில் நடக்கிற மீட்டிங். மத்திய வங்கிகள், கார்பனுக்கு ஒரு நாணயம் என்று அறிக்கை படிப்பதுபோலப் போகும். நான் பல பக்கங்களைத் தள்ளித்தான் படித்தேன். முதல் அத்தியாயத்துக்காகவே வாங்கலாம்.

யோகோ ஒகாவாவின் 'தி மெமரி போலீஸ்' ஜப்பானியில் 1994-இல் வந்து, ஆங்கிலத்துக்கு 2019-இல்தான் வந்தது. பெயர் இல்லாத ஒரு தீவு. அங்கே பொருள்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. வாசனைத் திரவியம், பறவைகள், ரோஜா. காணாமல் போனது என்றால், அப்படி ஒன்று இருந்ததே சனங்களுக்கு மறந்துவிடுகிறது. மறக்காதவர்களைப் பிடித்துக்கொண்டு போக ஒரு போலீஸ். ரோஜா மறைகிற அன்று ஆறு முழுக்க இதழ்கள் மிதந்து போகின்றன. சனங்கள் கொஞ்சம் வருத்தப்படுகிறார்கள், அப்புறம் வீட்டுக்குப் போய்ச் சமைக்கிறார்கள்.

ஆற்றில் தண்ணீர் இல்லை, கோட்டையில் ராஜா இல்லை, கோயிலில் சாமி இல்லை, மலையில் மரம் இல்லை என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு. கேட்டிருப்பீர்கள். சாமி 1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்ப வந்துவிட்டார். பாலாற்றுக்குத்தான் விடிவு இல்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது மணலைக் கையால் தோண்டினாலே ஊற்று வரும், கொட்டாங்கச்சியில் மொண்டு குடிப்போம். அதே ஆற்றில் டேனரிக் கழிவு போய்ச் சேர்ந்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் மக்கள் போட்ட வழக்கில், மாசு செய்தவன்தான் நஷ்டம் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. இன்றைக்கும் சட்டக் கல்லூரியில் அந்த வழக்கைப் பாடமாக நடத்துகிறார்கள். நான் சம்பளம் வாங்கியது அந்தத் தொழிலில்தான், அதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இப்போது என் பேரன் வயசுப் பிள்ளைகளுக்குப் பாலாறு என்றால் கிரிக்கெட் கிரவுண்டு. 2021 நவம்பரில் வெள்ளம் இரு கரையும் தொட்டு ஓடியபோது பாலத்தில் நின்று செல்ஃபி எடுத்தார்கள், ஏதோ வெளியூர் ஆறு வந்துவிட்டதுபோல. ஒகாவாவின் தீவில் ஒரு போலீஸாவது தேவைப்பட்டது. நமக்கு அதுவும் தேவைப்படவில்லை.

பால் லின்ச் என்ற அயர்லாந்துக்காரரின் 'ப்ராஃபெட் சாங்' 2023-இல் புக்கர் பரிசு வாங்கியது. டப்ளினில் ஒரு மழை ராத்திரி, ஐலிஷ் வீட்டுக் கதவை இரண்டு போலீஸ்காரர்கள் தட்டுகிறார்கள். அவள் கணவன் ஆசிரியர் சங்கத்துத் தலைவர்களில் ஒருத்தன், அவனை விசாரிக்க வேண்டுமாம். அங்கிருந்து நாடு படிப்படியாக நாசமாகிறது. பத்தி பிரிக்காமல் எழுதியிருக்கிறார், மூச்சு முட்டும். மேல்நாட்டு விமர்சகர்கள் "இது நமக்கு நடந்தால்" என்று நடுங்கியிருக்கிறார்கள். எனக்கு அந்த நடுக்கம் வரவில்லை. வேலூரை ஒட்டி மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கிருந்து ஒருவர் எங்கள் யூனிட்டில் தோல் பதனிடுகிற டிரம்மை ஓட்டுகிற ஆபரேட்டராக இருந்தார். ஏன் அண்ணே முன்னாலேயே கிளம்பவில்லை என்று ஒருமுறை கேட்டேன். "ஆட்டை ஆரிட்ட விடுறதெண்டு யோசிச்சுக் கொண்டே இருந்திட்டம்" என்றார். ஐலிஷும் அப்படித்தான். மறதி நோயில் இருக்கிற அப்பாவை யாரிடம் விடுவது, கணவன் திரும்பி வந்தால் வீடு பூட்டியிருக்குமே. வெளிநாட்டிலிருந்து சகோதரி கிளம்பு கிளம்பு என்று கத்துகிறாள். படிக்கிற நமக்கும் கத்தத் தோன்றும். லின்ச் எதைக் கற்பனை என்று எழுதினாரோ, அதை எனக்குப் பக்கத்தில் நின்று டிபன் பாக்ஸ் திறந்த மனுஷர் வாழ்ந்து முடித்திருந்தார்.

தமிழில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது அடித்துப் பிடித்துப் படித்தோம். 2022-இல் ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி, ஜீனோ என்ற இயந்திர நாய். அந்த 2022-உம் வந்து போய்விட்டது. திரும்ப எடுத்துப் படித்தேன். ஜீனோவின் குறும்பு இன்னும் புதுசாக இருக்கிறது, ஜீவாவின் ஆட்சி பொம்மலாட்டமாகத் தெரிகிறது. சுஜாதாவுக்கு இருட்டில் அதிக நேரம் நிற்கப் பொறுமை கிடையாது. பெருமாள்முருகனின் 'பூனாச்சி' 2016-இல் வந்தது, ஒரு வெள்ளாட்டுக் குட்டியின் கதை. பிறந்த குட்டிக்கெல்லாம் காதில் எண் போட வேண்டும், அதற்கு ஒரு நீண்ட வரிசை. வரிசையில் நிற்கிறவர்கள் வாயைத் திறக்கவே பயப்படுகிறார்கள். ரேஷன் கார்டுக்கோ ஆதாருக்கோ நின்றவர்கள் யாரும் இதைக் கற்பனைக் கதை என்று சொல்ல மாட்டார்கள். மேலே சொன்ன எந்த வெளிநாட்டு நாவலோடும் தைரியமாக இதைப் பக்கத்தில் வைக்கலாம்.

சுஜாதாவின் 2022 மாதிரி, கதையில் சொன்ன வருஷம் தாண்டிப்போன நாவல் என்றால் ஆக்டேவியா பட்லரின் 'பேரபிள் ஆஃப் தி சோவர்' கூட. 1993-இல் எழுதி, 2024 ஜூலையில் கதையைத் தொடங்கினார். கலிஃபோர்னியாவில் தண்ணீர் பெட்ரோலைவிட விலை என்று வருகிறது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு 50 வேகன் ரயிலில் தண்ணீர் போனதே, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர், முதல் ரயிலுக்கு மாலை மரியாதையெல்லாம் நடந்தது. பட்லர் அதைப் பார்த்திருந்தால் இரண்டாவது அத்தியாயமே அங்கிருந்துதான் ஆரம்பித்திருப்பார்.

சரி, மனசு கெட்டுப் போகுமா? தூக்கம் கெடும், அது உண்மை. அதற்குச் சில வழிகள் வைத்திருக்கிறேன். இரண்டு இருட்டு நாவலை அடுத்தடுத்து எடுக்க மாட்டேன், நடுவில் தி. ஜானகிராமன் ஒரு கதையாவது ஓடும். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் தொடுவதில்லை. நடுவில் தாங்கவில்லை என்றால் மூடிவிடுவேன், முடித்தே தீர வேண்டும் என்று யாரும் நம்மிடம் எழுதி வாங்கவில்லை. வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் இருக்கிற சமயத்தில் இஷிகுரோவைத் தொடவே தொடாதீர்கள்.

நீங்கள் புதிதாக ஆரம்பிக்கிறீர்கள் என்றால் 'பூனாச்சி' முதலில், அப்புறம் 'தி மெமரி போலீஸ்', அதற்கப்புறம் இஷிகுரோ. லின்ச்சை லீவு நாளில் எடுங்கள், பாதியில் வைக்க முடியாது. பஸ்டெரிக்காவை பக்ரீத்துக்கும் கெங்கையம்மன் திருவிழாவுக்கும் பக்கத்தில் வேண்டாம், கறிக் குழம்பு இறங்காது. அம்மாவிடம் 'பூனாச்சி'யைப் படித்துக் காட்டுங்கள் தம்பி. ஆடு வளர்த்த வீடாக இருந்தால் அவரே மிச்சத்தையும் கேட்பார், நடுநடுவே ஆசிரியர் எங்கே தப்பு விட்டிருக்கிறார் என்றும் சொல்வார்.